இடது கைப் பெருவிரல்

மாதத்தின் முதல் சனிக்கிழமை என்றால் தூத்துக்குடி தென்கரை ஆய்வு நூலகத்தில் செருப்பு விட இடம் இருக்காது. காலை பத்து மணிக்கு இலவச வம்சாவளி நிகழ்ச்சி. தன் முன்னோர் ஒரு பாளையக்காரர் என்று நிரூபித்துவிட வேண்டும் என்று வருகிறவர்கள் உண்டு. பர்மாவுக்குப் போய்த் திரும்பாத தாத்தாவுக்கு அங்கே இன்னொரு குடும்பம் இருந்ததா என்று கேட்டு வருகிறவர்கள் உண்டு. குளிர்சாதன அறையில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போகலாம் என்று வருகிறவர்களும் உண்டு. யாரையும் அமலோற்பவம் திருப்பி அனுப்பியதில்லை. பதினோரு வருஷமாக அந்த நிகழ்ச்சியை நடத்திவருகிறவள் அவள்தான். ஐம்பத்திரண்டு வயது. நூலகத்தில் எல்லோருக்கும் அவள் அமலி மேடம்.

2061 பிப்ரவரி மாதத்துச் சனிக்கிழமையன்று, அமலி வழக்கம்போல் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த கருவியைக் காட்டி விளக்கிக்கொண்டிருந்தாள். அரசாங்கம் அதற்கு வைத்த பெயர் நீளமானது. நூலகத்தில் அதை மோப்பக்காரி என்றுதான் சொல்வார்கள்.

"பழைய பத்திரத்துல, கோர்ட்டுக் கட்டுல எல்லாம் கைநாட்டு இருக்கும் பாத்திருப்பீங்க. பெருவிரல்ல மை தடவி வச்சது. அந்த மை காயும்போது விரல்ல இருந்த தோல் துகள் அதுக்குள்ள மாட்டிக்கிடும். நூறு வருஷம் ஆனாலும் அங்கேயே இருக்கும். மோப்பக்காரி அதை எடுத்து, நீங்க குடுக்கிற எச்சிலோட ஒப்பிட்டுப் பாப்பா. உங்க பூட்டனோட, தாத்தாவுக்கு அப்பாவோட, பங்கு உங்க உடம்புல எட்டுல ஒண்ணு இருக்கு. அது போதும் அவளுக்கு."

கூட்டத்தின் கடைசி வரிசையில் இருந்து ஒரு பெண் எழுந்தாள். உயரமானவள். துறைமுகத்தின் நீலச் சட்டையைச் சேலைக்கு மேல் போட்டிருந்தாள்.

"இன்னாரோட கைநாட்டுதான்னு சொல்லும். சரி. இன்னாரோடது இல்லன்னு சொல்லுமா?"

"அதையும் சொல்லும்."

அந்தப் பெண் மேலே எதுவும் கேட்காமல் உட்கார்ந்துவிட்டாள். எல்லோரும் போன பிறகு அமலியின் மேஜைக்கு வந்தாள். பெயர் பேச்சித்தாய். துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டி, போன மாதம்தான் ஓய்வு பெற்றிருந்தாள்.

"எங்க ஊரு வெள்ளாங்குடி. உப்பளத்து ஊரு. ஊருன்னு சொல்லுதேனே தவிர எங்க தாத்தா காலத்துலேயே அங்கருந்து வந்தாச்சு" என்றாள். "1931ல அங்க உப்பு மூட்டை அடுக்குற கம்பெனிக் கிட்டங்கி தீப்பிடிச்சுது. உள்ள இருந்த காவக்காரர் செத்துப்போனாரு. கூலிக்காகச் சண்டை நடந்துக்கிட்டிருந்த சமயம். ரெண்டு பேரப் புடிச்சாங்க. ஒருத்தர் மாடக்கண்ணு. இன்னொருத்தர் எங்க பூட்டன், இசக்கியாண்டி. மாடக்கண்ணுவத் தூக்குல போட்டாங்க. எங்க பூட்டன் வீட்டுக்கு வந்துட்டாரு."

அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அப்ரூவர் ஆயிட்டாருன்னு சொன்னாங்க. கூட்டாளியக் காட்டிக்குடுத்துட்டு வந்தவருன்னு. அதுல இருந்து நாங்க காட்டிக்குடுத்தான் வீடு. நல்லது கெட்டதுக்குக் கூப்புட மாட்டாங்க. எங்க தாத்தா ஊர விட்டு வந்தாரு. எங்க அப்பா யாரு கேட்டாலும் பூட்டன் பேரு தெரியாதும்பாரு. நான் கட்டிக்கிட்ட மனுசன்ட்டகூட சொன்னதில்ல. அந்த வழக்குக் கட்டு உங்க லைப்ரரிலதான் இருக்குன்னு பேப்பர்ல போட்டிருந்தது. அந்த வாக்குமூலத்துல இருக்கிற கைநாட்டு எங்க பூட்டனோடதா? அது மட்டும் சொன்னாப் போதும். ஆமான்னு வந்தாலும் சரிதான், ஏத்துக்கிடுதேன்."

அமலி எச்சில் குழாயை நீட்டினாள்.

ஒன்பது நாளில் முடிவு வந்தது. கைநாட்டு பேச்சித்தாயின் முன்னோர் யாருடையதும் அல்ல.

தொலைபேசியில் கேட்டதும் பேச்சித்தாய், "எனக்கு அதை எழுத்துல தாருங்க மேடம்" என்றாள்.

அங்கேதான் சிக்கல். வெறும் 'இல்லை' என்பதைப் பதிவேட்டில் ஏற்ற விதி இடம் கொடுக்கவில்லை. மை உதிர்ந்திருக்கலாம், வம்சத்தில் எங்கோ தத்துப்பிள்ளை வந்திருக்கலாம், 'இல்லை' என்று வர ஆயிரம் காரணம். யாருடைய விரல் என்று தெரிந்தால்தான் இவருடையது அல்ல என்பது உறுதியாகும். உறுதியான முடிவில் நூலகர் கையெழுத்திட்டால் அது பொதுப் பதிவேட்டுக்குப் போகும். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். பிறகு அதை யாராலும் அழிக்க முடியாது.

"அப்ப இத்தன வருசம் காத்திருந்தாச்சு. இன்னுங் கொஞ்சம் இருக்கேன்" என்று சொல்லி வைத்துவிட்டாள் பேச்சித்தாய்.

மார்ச் மாதத்துச் சனிக்கிழமை வெள்ளாங்குடியில் இருந்தே ஒருவர் வந்தார். பெயர் தளவாய். அறுபதைத் தொட்ட வயது, தண்ணீர் மோட்டார் பழுது பார்க்கிற கை, நகக்கண்ணில் கறுப்பு. ஊர் முனையில் மாடக்கண்ணுவுக்கு ஒரு நினைவுத்தூண் இருக்கிறது. அவர் மாடக்கண்ணுவின் பூட்டப்பிள்ளை. தூணைப் புதுப்பித்து, கீழே வம்சாவளியைக் கல்லில் வெட்டப்போகிறார்கள்.

"எங்க தாத்தா வயித்துல இருக்கும்போதுதான் பூட்டையாவத் தூக்குல போட்டாங்க. முகம் பாக்காத புள்ள" என்றார். "அவிய வழியில யாரு யாரு எங்க இருக்காங்கன்னு பாத்துக் குடுத்தியன்னா கல்லுல ஏத்திரலாம்."

கண் மூடித் திறக்கும் நேரத்தில் குழாயில் துப்பிக் கொடுத்துவிட்டு, நூலக வாசலில் டீ குடித்துவிட்டுப் போனார்.

அந்த வியாழக்கிழமை காலை அமலி கணினியைத் திறந்தபோது, கேட்காத ஒரு பதிலும் அதில் இருந்தது. மோப்பக்காரி புது எச்சில் எதைக் கொடுத்தாலும் கிடப்பில் இருக்கிற எல்லாக் கைநாட்டோடும் ஒரு தடவை ஒப்பிட்டுவிடுவாள். இசக்கியாண்டி என்று பெயர் எழுதிய அப்ரூவர் வாக்குமூலத்தின் கீழே இருந்த பெருவிரல், தளவாயின் பூட்டனுடையது. தூக்கில் தொங்கிய மாடக்கண்ணுவுடையது.

அமலிக்கு முதலில் வந்தது பயம்தான். பதிவேட்டில் ஒரே ஒரு வரி ஏறும்: 'அப்ரூவர் வாக்குமூலம், கைநாட்டு: மாடக்கண்ணு.' அதைப் படிக்கிறவன் என்ன நினைப்பான்? தூணில் இருப்பவன்தான் துரோகி என்பான். பேச்சித்தாய் வீட்டின் பழியைத் தூக்கித் தளவாய் வீட்டு வாசலில் வைத்த மாதிரி ஆகும்.

இயக்குநர் ஞானதிரவியத்திடம் போனாள். அவர் கெட்டவர் இல்லை. எல்லாவற்றுக்கும் விதி இருந்தால் நிம்மதியாகத் தூங்குகிறவர்.

"ரெண்டாவது எச்சில் வந்த நாள்ல இருந்து நாலு வாரத்துக்குள்ள ரெண்டு பேர்ல யாரும் எச்சிலைத் திரும்பக் கேக்கலாம். கேட்டா ரெண்டு முடிவும் அழிஞ்சிரும். கேக்கலன்னா நீங்க கையெழுத்துப் போடணும். இதுல யோசிக்க என்ன இருக்கு அமலி?"

"ஏன் வச்சார்னு யாரும் கேக்கமாட்டாங்களா சார்?"

"படிவத்துல அதுக்குக் கட்டம் இல்லையே."

அன்று மதியம் அவள் வழக்குக் கட்டு முழுவதையும் மேஜையில் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நாற்பத்தெட்டுத் தாள். பதினோரு வருஷத்தில் எத்தனையோ கட்டிலிருந்து கைநாட்டு இருக்கிற தாளை மட்டும் உருவி மோப்பக்காரிக்குக் கொடுத்திருக்கிறாள். ஒரு கட்டைக்கூட முதல் தாளில் இருந்து கடைசித் தாள் வரை படித்ததில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. முப்பத்தோராவது தாளில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. அதைப் படித்தவுடன் எழுந்து போய் இருவருக்கும் தொலைபேசி செய்தாள்.

செவ்வாய்க்கிழமை காலை வாசிப்பு அறையில் மூவரும் உட்கார்ந்தார்கள். பேச்சித்தாய்க்கும் தளவாய்க்கும் ஒருவரை ஒருவர் தெரியாது. பேச்சித்தாய் இசக்கியாண்டியின் வழி என்று அமலி சொன்னதும் தளவாய் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டார். அது அவருக்கே தெரியாமல் நடந்தது. பேச்சித்தாய் அதைப் பார்த்தாள். பழகினவள்போல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அமலி முடிவைச் சொன்னாள்.

"எங்க பூட்டையா காட்டிக்குடுத்தாருங்கியளா?" தளவாய் எழுந்துவிட்டார். "அவர் கழுத்துலதான கயிறு விழுந்தது? தன்னையே எவனாவது காட்டிக்குடுப்பானா? மிசினு கிறுக்குப் புடிச்சு உளறுது."

"உக்காருங்க அண்ணாச்சி. அதுல என்ன எழுதியிருக்குன்னு நீங்க ரெண்டு பேருமே இதுவரைக்கும் கேட்டதில்ல. நானும் போன வாரந்தான் படிச்சேன். படிக்கட்டுமா?"

அவர் உட்காரவில்லை. ஆனாலும் போகவில்லை. அமலி படித்தாள்.

"'வெள்ளாங்குடி உப்பளத்தில் வேலை செய்யும் இசக்கியாண்டி ஆகிய நான் சொல்லும் உண்மையாவது. மேற்படி இரவில் கிட்டங்கிக்குத் தீ வைத்தது மாடக்கண்ணு ஒருவன் மாத்திரம். வேறொருவரும் கூடப் போகவில்லை. நான் வெகு தூரத்தில் நின்று பார்த்தேன். கிட்டங்கியின் அருகே நான் போகவேயில்லை.'"

"இவ்வளவுதானா?" என்றாள் பேச்சித்தாய்.

"இவ்வளவுதான். கீழ ஒரு கைநாட்டு. அதே தேதியில ஜெயில் டாக்டர் எழுதின ஒரு சீட்டு இதே கட்டுல இருக்கு. 'கைதி இசக்கியாண்டிக்கு இரு கைகளிலும் தீப்புண். விரல் நுனி வரைக்கும் கட்டுப் போடப்பட்டிருக்கிறது. பத்து நாளைக்கு எழுதவோ ரேகை வைக்கவோ இயலாது.'"

வெளியே ஏதோ லாரியைப் பின்னோக்கி எடுக்கிற சத்தம் கேட்டது. பேச்சித்தாய் தன் இரண்டு கைகளையும் மேஜைமேல் விரித்து வைத்துப் பார்த்தாள்.

"எங்க பூட்டனுக்கு விரலெல்லாம் ஒட்டிப்போய் இருக்குமாம்" என்றாள் மெதுவாக. "எங்க அப்பா ஒரு தடவ சொன்னாரு. சோறு பெசைய வராதாம், ஆச்சிதான் ஊட்டி விடுமாம். என்னன்னு கேட்டா உப்பு தின்னுட்டுதும்பாராம்." அவள் நிமிர்ந்தாள். "அப்ப அவரு கிட்டங்கிக்குப் போயிருக்காரு."

"போயிருக்கார்."

"தீ வைக்கவா? காவக்காரர வெளிய இழுக்கவா?"

"தெரியாது பேச்சித்தாய். தாள்ல இல்ல."

தளவாய் இப்போது உட்கார்ந்திருந்தார். "கூட்டாளி பொழைக்கட்டும்னு அவன் பேர்ல எங்க பூட்டையா வெரல வச்சாரு. அதத்தான சொல்ல வாறிய?"

"அப்படியும் இருக்கலாம். அடிச்சு வைக்கச் சொல்லியிருக்கலாம். யார் தாள்ன்னு தெரியாமலே வச்சிருக்கலாம், அவருக்குப் படிக்கத் தெரியாது. விரல் யாருதுங்கிற வரைக்குந்தான் அண்ணாச்சி எனக்குத் தெரியும்."

"வருசாவருசம் மேடை போட்டு, தீ வைத்த வீரன்னு பேசுதோம். நானே பேசியிருக்கேன்." அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "தெரியாமலே இருந்திருக்கலாம்."

நாலு வாரக் கெடுவைப் பற்றியும், பதிவேட்டில் ஏறப்போகும் ஒற்றை வரியைப் பற்றியும் அமலி சொன்னாள். அவர் தலையை ஆட்டினார். போகும்போது யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.

பேச்சித்தாய் மட்டும் கொஞ்ச நேரம் இருந்தாள். "சந்தோசமா இருக்கும்னு நெனச்சு வந்தேன் அமலி" என்றாள். மேடம் என்கிற சொல் எப்போது போனது என்று இருவருமே கவனிக்கவில்லை.

தளவாய் எச்சில் கொடுத்த இருபதாம் நாள் அவள் திரும்ப வந்தாள். "என் எச்சிலைத் திருப்பிக் குடுத்துரு" என்றாள். "அந்த மனுசன் எங்க பூட்டனுக்காக உசிரக் குடுத்திருந்தா, நான் அவர் பேர்ல சேத்த அள்ளிப் பூசுறதா? ஒத்த வரிதான் போடுவாங்கன்னு சொன்னியே. அத எவன் முழுசாப் படிப்பான்? நாங்க பழகிட்டோம். இப்படியே இருந்துட்டுப் போறோம்."

"கெடு முடிய இன்னும் எட்டு நாள் இருக்கு. பொறுங்க."

"எதுக்கு?"

திரும்பப் பெறுகிற படிவத்தை அமலி எடுக்கவில்லை. விதிப்படி அது தவறு.

இருபத்தைந்தாம் நாள் தளவாய் வந்தார். தாடி வளர்ந்திருந்தது. ஊரில் நாலு பேரிடம் கலந்தாராம். மூன்று பேர் எச்சிலைத் திரும்ப வாங்கிவிடச் சொன்னார்களாம்.

"நாலாவது ஆளு யாரு?" என்று கேட்டாள் அமலி.

"எம்பொண்டாட்டி." நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். "அவ கேட்டா: 'ஒங்க தாத்தா அப்பன் மொகம் பாக்காத புள்ள. ஊரே சேந்து வளத்துது, வீரன் புள்ளன்னு சொல்லி. அந்த ஊர்லதான ஒரு மனுசன் சோத்த அள்ளித் தின்ன முடியாத கையோட, வசவு வாங்கிக்கிட்டு இருந்திருக்காரு? நான் காட்டிக்குடுக்கலன்னு ஒத்த வார்த்த சொல்லியிருந்தா, அப்ப யாருன்னு ஊரு கேட்டிருக்காதா? அவரு ஏன் சொல்லல?' இதுக்கு நான் என்ன பதில் சொல்ல? கையெழுத்துப் போடுங்க மேடம். ஆனா ஒத்த வரியாப் போடாதிய."

"படிவத்துல ஒரு வரிக்குத்தான் இடம்."

"ஒங்க கூட்டத்துல இடம் இருக்குல்லா?"

இலவச நிகழ்ச்சியில் என்ன பேசுவது என்று தீர்மானிக்கிற உரிமை பதினோரு வருஷமாக அவளுடையதுதான். அதை அவள் ஒரு உரிமையாக நினைத்ததே இல்லை. தளவாய் சொன்னதைத் தொலைபேசியில் கேட்டதும், எச்சில் அங்கேயே இருக்கட்டும் என்றுவிட்டாள் பேச்சித்தாய்.

இயக்குநரிடம் சொன்னபோது அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஏறாத முடிவைப் பொதுக்கூட்டத்துல வாசிக்கக் கூடாது."

"வாசிச்சுட்டு அங்கேயே கையெழுத்துப் போடுறேன் சார். அவங்க ரெண்டு பேரும் சம்மதம் எழுதிக் குடுத்திருக்காங்க."

"மேல இருந்து கேட்டா உங்களைத்தான் கைகாட்டுவேன்."

"காட்டுங்க சார்."

ஏப்ரல் முதல் சனிக்கிழமை, கெடுவுக்குக் கடைசி நாள். வெள்ளாங்குடியில் இருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்து முதல் மூன்று வரிசையில் உட்கார்ந்தார்கள். அமலி மோப்பக்காரியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நாற்பத்தெட்டுத் தாளையும் வரிசையாக எடுத்து வைத்தாள். சம்பளம் குறைத்த அறிவிப்பு, காவல்காரரின் மனைவி கொடுத்த மனு, சாட்சிகளின் பேச்சு, டாக்டரின் சீட்டு, தீர்ப்பு. வாக்குமூலம் வந்தபோது தளவாய் எழுந்து வாங்கி, தானே எழுத்துக்கூட்டிப் படித்தார். 'மாடக்கண்ணு ஒருவன் மாத்திரம்' என்ற இடத்தில் அவர் தாளைத் தாழ்த்திவிட்டார். பேச்சித்தாய் பக்கத்தில் போய் நின்று மீதியைப் படித்து முடித்தாள்.

பிறகு அமலி கையெழுத்திட்டாள். யாரும் கைதட்டவில்லை. முதல் வரிசையில் இருந்த ஒரு பெரியவர் மட்டும், "அப்ப அந்தக் காவக்காரர் குடும்பம் என்ன ஆச்சு?" என்று கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. அமலி அதை ஒரு தாளில் குறித்துக்கொண்டாள். அன்று எச்சில் கொடுக்க வழக்கமாக நிற்கிற வரிசையில் பாதிப் பேர்கூட நிற்கவில்லை. கட்டை முழுசாகப் படிக்க முடியுமா என்று கேட்டு ஏழெட்டுப் பேர் பெயர் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

அடுத்த வாரமே மேலிருந்து கடிதம் வந்தது. விளக்கம் கேட்டிருந்தார்கள். மூன்று மாதத்துக்கு நிகழ்ச்சி நிறுத்தம். அமலி நான்கு பக்கத்தில் பதில் எழுதி அனுப்பிவிட்டு, காவல்காரரின் பெயரைத் தேடத் தொடங்கினாள்.

தளவாய் பேச்சித்தாயின் வீட்டுக்கே போய், தூணில் இசக்கியாண்டியின் பெயரையும் வெட்டலாமா என்று கேட்டிருக்கிறார். அவள் வேண்டாம் என்றுவிட்டாள். "அது செத்தவருக்கு வச்ச தூணு அண்ணாச்சி. எங்க பூட்டன் பொழச்சு வந்தவரு. அவரு பொழைக்கணும்னுதான ஒங்க பூட்டையா வெரல வச்சதாச் சொல்லுதிய? எங்களச் சாப்பாட்டுக்குக் கூப்புடுங்க. அது போதும்."

கூப்பிட்டார்கள். மே மாதம் மாடக்கண்ணுவின் நினைவு நாளன்று மதியம், வெள்ளாங்குடியில் தகரப் பந்தலுக்குக் கீழே இலை போட்டிருந்தது. உப்புக் காற்றில் வாழை இலைகள் எழும்பாமல் இருக்க ஒவ்வொன்றின்மேலும் தண்ணீர் டம்ளரை வைத்திருந்தார்கள். பேச்சித்தாய் பட்டுச்சேலை கட்டி வந்திருந்தாள். அவளுக்கு இந்தப் பக்கம் அமலி. அந்தப் பக்கம் முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண், மடியில் பிள்ளையோடு.

பேச்சித்தாய் சோற்றைத் தொடவில்லை. யார் எப்போது எழுந்து போவார்களோ என்று பந்தியையே பார்த்துக்கொண்டிருந்தாள். யாரும் எழவில்லை. எதிர்வரிசையில் வயதான ஒருவர் அவளைப் பார்த்துவிட்டு இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டார். அவ்வளவுதான்.

பக்கத்துப் பெண் சாம்பாருக்குச் சோற்றைக் குழித்துக்கொண்டே பேச்சுக் கொடுத்தாள். "ஒங்கள இங்க பாத்ததில்லையே. நீங்க யாரு வீடு?"

எந்த ஊரில் எந்தப் பந்தியிலும் கேட்கிற கேள்விதான். பேச்சித்தாய் ஐம்பத்தெட்டு வருஷமாக அந்தக் கேள்வி வரும் இடங்களுக்கே போனதில்லை. அமலி கையைச் சோற்றில் வைத்தபடி நிறுத்திக்கொண்டாள்.

"இசக்கியாண்டி வீடு" என்றாள் பேச்சித்தாய். சத்தமாகவே சொன்னாள். இரண்டு இலை தள்ளி இருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

அந்தப் பெண் நெற்றியைச் சுருக்கி யோசித்தாள்.

"எந்த இசக்கியாண்டி? நான் இந்த ஊர்லயே பொறந்து இந்த ஊர்லயே வாக்கப்பட்டவ. அப்படி ஒரு பேரக் கேட்டதே இல்லையே."

பேச்சித்தாய் அவளைப் பார்த்தாள். பிறகு அமலியைப் பார்த்தாள். ஊர்விட்டு ஓடிய தாத்தா, பூட்டன் பெயரை மறைத்தே செத்த அப்பா, சொல்லாமலே ஓட்டிய முப்பது வருஷக் கல்யாணம் எல்லாம் அந்த முகத்தில் ஒரு கணம் வந்து நின்றன. சட்டென்று அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தோள் குலுங்கச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருக்கும்போது கண்ணில் தண்ணீர் வழியத் தொடங்கியது.

"என்னம்மா, பொரையேறிட்டா? தண்ணியக் குடிங்க" என்று அந்தப் பெண் பதறி டம்ளரை நீட்டினாள்.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல தாயி." பேச்சித்தாய் புறங்கையால் கண்ணைத் துடைத்துவிட்டு, சோற்றைப் பிசைந்து ஒரு வாய் எடுத்து வைத்தாள். நிதானமாக மென்று விழுங்கினாள்.

"இசக்கியாண்டி யாருன்னுதான கேட்ட?" என்றாள். "சொல்லுதேன், கேளு."